குயவர் மண்ணா, பாக்கெட் மண்ணா?

களிமண்ணில் ஏதாவது செய்து பார்க்கணும், எந்தக் கிளே வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான். அகலா, கம்மலா, பிள்ளையாரா, ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மையா? ஏனென்றால் 'கிளே' என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சரக்குகள் இருக்கின்றன. குயவர் வீட்டில் கிடைப்பது நிஜ மண். ஸ்டேஷனரி கடையில் விற்கும் ஏர்-டிரை கிளே பெரும்பாலும் காகித நாரும் பசையும் கலந்த கலவை. பாலிமர் கிளேயில் மண்ணே கிடையாது. அது இளக்கி வைத்த பிவிசி பிளாஸ்டிக்.

என் ஓட்டு குயவர் மண்ணுக்கு. மலிவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சுடாதவரை அதில் தோல்வி கிடையாது. கோணலாகப் போனதா? நன்றாகக் காயவிட்டு, உடைத்து, வாளித் தண்ணீரில் போடுங்கள், மறுநாள் குழம்பாகியிருக்கும். ஈரமாக இருக்கும்போதே போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், காய்ந்த மண்தான் சீக்கிரம் கரையும். சல்லடையில் கல், வேர் போக வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, பழைய வேட்டியில் பரப்பினால் பிசையும் பதத்துக்கு வந்துவிடும். பதம் பார்க்க ஒரு வழி: பென்சில் கனத்தில் திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிப்பு விட்டால் மண் வறண்டிருக்கிறது, அல்லது மணல் அதிகம்.

இந்த மண்ணில் கற்க வேண்டியது மூன்று வேலைகள். எலுமிச்சை அளவு உருண்டையில் கட்டைவிரலை இறக்கி, சுற்றிக்கொண்டே சுவரை மெலிதாக்குவது முதல் வேலை. அகல் அப்படித்தான் வருகிறது. அடுத்தது திரி அடுக்குவது. கைமுறுக்கு சுற்றத் தெரிந்த கைக்கு இது அரை மணி நேரப் பாடம். சின்னத் தொட்டி, பென்சில் குவளை செய்யலாம். மூன்றாவது, சப்பாத்திக் கட்டையால் பலகையாகத் தேய்த்து வெட்டி ஒட்டுவது. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் ஸ்கேல் வைத்துத் தேய்த்தால் பலகை சீராக வரும்.

ஒட்டும் இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு முகத்தையும் முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். சும்மா தண்ணீர் தொட்டு ஒட்டிய காது காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருப்பதும் முக்கியம். மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். மொத்தத்தில் பத்து சதவீதம் வரை போகலாம். ஒன்று முன்னே, ஒன்று பின்னே சுருங்கினால் விரிசல்தான். வெயிலில் வைக்காதீர்கள், பாலிதீன் மூடி நிழலில் நாலைந்து நாள் விடுங்கள். என் முதல் பிள்ளையாரை அவசரப்பட்டு மொட்டை மாடியில் வைத்தேன். சாயங்காலம் தொந்தி நடுவே பிளந்து கிடந்தது.

தொந்தி கெட்டியாக இருந்ததும் ஒரு தப்பு. உள்ளே குடைந்து, சுவர் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐயனார் கோயில் குதிரைகள் அத்தனை உயரம் நின்றும் சூட்டைத் தாங்குவது, உள்ளே கூடாக இருப்பதால்தான். 'காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும்' என்பார்கள். நிஜமாக வெடிக்க வைப்பது மிச்சமிருக்கும் ஈரம். அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிய்த்துக்கொண்டு வருகிறது.

குயவர் மண்ணின் பெரிய தலைவலி சுடுவது. வீட்டு ஓடிஜி அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். மண் திரும்பக் கரையாதபடி மாறக் குறைந்தது 600 டிகிரி வேண்டும்; டெரகோட்டா சுடுவது சாதாரணமாக 900-த்துக்கு மேல். அடுக்குமாடியில் வரட்டியும் உமியும் மூட்டினால் அசோசியேஷன் கூட்டமே நடக்கும். நன்றாகக் காய்ந்த பொருட்களை ஒரு வேளாரிடம் (குயவரிடம்) கொடுத்து, அவர் சூளையில் சேர்த்து வைக்கச் சொல்வதுதான் நடைமுறையில் எளிது. சுடாத அகலில் எண்ணெய் கசியும். சுட்ட புது அகலையும் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெய் குடிப்பது குறையும்.

சுடாமல் இருப்பதே சரி என்று ஒரே ஒரு வேலையைச் சொல்வேன்: சதுர்த்திப் பிள்ளையார். அச்சில் அழுத்தினாலும் சரி, கையால் பிடித்தாலும் சரி, பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். பூஜை முடிந்து வாளியில் கரைத்தால் செடிக்கு ஊற்றிவிடலாம். கண்ணுக்கு வைக்கும் குன்றிமணி கடும் விஷம்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் எண்ணி வைத்து, எண்ணி எடுங்கள்.

இனி ஏர்-டிரை. சூளை வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானே இறுகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். போட்டோ ஃபிரேம், பெயர்ப்பலகை, காந்தம் ஒட்டிய பொம்மை எல்லாம் அழகாக வரும். ஆனால் அக்ரிலிக்கும் வார்னிஷும் பூசினாலும் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் ஊறிவிடும். பூந்தொட்டி செய்து ஏமாறாதீர்கள். காகித நார் இருப்பதால் அகலும் வேண்டாம். எனக்கு இதன்மேல் பெரிய மோகம் கிடையாது. செய்தித்தாளை ஊறவைத்து, அரைத்த வெந்தயம் சேர்த்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்த பாட்டிகள், இதே வித்தையைக் காசில்லாமல் முடித்தவர்கள். கொலு பொம்மைகளிலும் இதே போட்டி உண்டு: காகிதக் கூழ் பொம்மை பரணில் ஏற்ற லேசு, மண் பொம்மையில் முகக்களை கூர்மை.

பாலிமர் ஜெயிக்கும் இடம் கம்மல். டெரகோட்டா ஜிமிக்கி அழகுதான், ஆனால் தரையில் விழுந்தால் போச்சு. மெல்லிய பாலிமர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பல நிறத் திரிகளை அடுக்கி, உருட்டி நீட்டி, பிளேடால் சீவினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ விழும். குயவர் மண்ணில் இது இவ்வளவு சுலபமில்லை. 110 முதல் 130 டிகிரிக்குள், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை வேகவேண்டும். குறைந்தால் பிஸ்கெட் மாதிரி நொறுங்கும்; கூடினால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயு விடும். அடுப்பின் திருகில் இருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் உள்ளே வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு இது ஆகாது.

காபி கப்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்றும் உதவாது. அது 1200 டிகிரிக்கு மேல் சுடும், கிளேஸ் (கண்ணாடி மாதிரி மேற்பூச்சு) பூசிய ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் இறுகும் கெட்டி மண்பாண்ட வேலை. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறைக்குப் பிறகு அந்தப் பக்கம் அதற்கான ஸ்டூடியோக்கள் பெருகின. அப்படி ஓர் இடத்தில் போய்க் கற்பதே நல்லது.

சக்கரம் வாங்கட்டுமா என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. நம் ஊர்ப் பானையே சக்கரத்தில் பாதிதான் உருவாகிறது. வாயும் கழுத்தும் வனைந்து அறுத்தெடுத்த பிறகு, உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையுமாகத் தட்டித் தட்டித்தான் உருண்டை வயிறு வருகிறது. முதல் ஆறு மாதத்துக்கு வாளியும் சப்பாத்திக் கட்டையும் போதும். கட்டையை மட்டும் சமையலறையிலிருந்து எடுக்காமல் தனியாக வாங்கிவிடுங்கள்.