மெட்டாக்ரிட்டிக்கா, ஸ்டீமா, தெரிந்த விமர்சகரா: கொழும்பில் கேம் வாங்கும்போது எந்தப் புள்ளியை நம்புவது?

புதிதாக வரும் பெரிய கேம் ஒன்றின் விலை இப்போது 70 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் 360 வரை ஏறியதிலிருந்து, இங்கே கேம் வாங்குவது வீட்டில் கணக்குக் காட்ட வேண்டிய செலவாகிவிட்டது. யூனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்ட் விலை விசாரித்துத் திரியும் பொடியனும், கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் கிப்ட் கார்ட்டை வெளிநாட்டு மாமாவிடம் கேட்டு வாங்கும் வெள்ளவத்தை மாணவியும் காசைக் கொடுப்பதற்கு முன் எங்கேயோ ஒரு புள்ளியைப் பார்க்கிறார்கள். எல்லாப் புள்ளியும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் விளையாடுபவர் ஸ்டீமில் அண்மைக்கால விமர்சனங்களை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, ரசனை தெரிந்த ஒரு விமர்சகர். பல விமர்சகர்களின் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மெட்டாக்ரிட்டிக், ஓப்பன்கிரிட்டிக் போன்ற தளங்களின் சராசரிகள் கடைசியில்தான். பிளேஸ்டேஷன்காரருக்கு இந்த வரிசை கொஞ்சம் மாறும்; அதையும் சொல்கிறேன்.

இரண்டு சராசரிகள்

மெட்டாக்ரிட்டிக் 2001இலிருந்து இருக்கிறது. பத்திரிகைகளும் இணையத்தளங்களும் கொடுக்கும் புள்ளிகளை 100க்கு மாற்றி, ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எடை போட்டுச் சராசரி எடுக்கிறது. எந்தத் தளத்துக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்வதில்லை. 5க்கு 4 என்றால் 80. எழுத்தில் தரம் போடும் தளம் பி மைனஸ் கொடுத்தால் அது 67 ஆகிவிடும். எழுதியவர் மனதில் அப்படி ஓர் எண் இருந்திருக்கவே தேவையில்லை. இன்னொன்று, சினிமாப் படங்களுக்கு 61 எடுத்தாலே நல்லது என்று காட்டும் பச்சைக் கட்டம் கிடைக்கும். கேம்களுக்கு 75 வேண்டும். அதனால் 72 எடுத்த ஒரு நல்ல கேம் மஞ்சளில் நிற்கிறது, அந்த நிறத்தைப் பார்த்ததுமே ஆட்கள் விலகிப் போய்விடுகிறார்கள்.

2015இல் வந்த ஓப்பன்கிரிட்டிக் இந்த எடை விளையாட்டை விட்டுவிட்டது. கணக்கில் எடுக்கும் எல்லா விமர்சகருக்கும் ஒரே மதிப்பு. எத்தனை வீதமானோர் கேமைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் தனியாகக் காட்டுகிறது. நேர்மையில் இதற்குத்தான் என் வாக்கு. ஆனால் பயனில் மெட்டாக்ரிட்டிக் ஒரு படி முன்னால் நிற்கும் இடம் ஒன்று உண்டு: அது பிளேஸ்டேஷன், கம்ப்யூட்டர், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி காட்டும். ஓப்பன்கிரிட்டிக் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு சைபர்பங்க் 2077ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கம்ப்யூட்டர் பிரதி மட்டும். பாராட்டு மழை பொழிந்தது. கம்ப்யூட்டர் புள்ளி கடைசியில் 86இல் நின்றது. பிளேஸ்டேஷன் 4 புள்ளி பிறகுதான் வந்தது, அது 60ஐக்கூட எட்டவில்லை. வெளியாகி ஒரு வாரம் கடந்தவுடனேயே பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அந்தக் கேமைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூன் வரை திருப்பி வைக்கவில்லை. கொழும்பில் பிஎஸ்4 வைத்திருந்த ஒருவர் முதல் நாள் 90ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்து முன்பதிவு செய்திருந்தால், அந்த எண் அவருடைய மெஷினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதே கேம் இன்னொரு குறையையும் காட்டித்தருகிறது. 2023 செப்டெம்பரில் 2.0 திருத்தமும் பான்டம் லிபர்ட்டி விரிவாக்கமும் வந்த பிறகு சைபர்பங்க் வேறொரு கேம் என்று சொல்லுமளவுக்கு மாறியது. மூலக் கேமின் மெட்டாக்ரிட்டிக் புள்ளி 2020இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விமர்சகர் ஒரு தடவை எழுதிவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவார். இன்று தள்ளுபடியில் அதை வாங்க நினைப்பவருக்கு அந்தப் பழைய எண்ணால் பிரயோசனம் குறைவு.

சராசரி மறைத்துவிடுகிற விஷயமும் இருக்கிறது. 2019இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்குக்கு ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகை 40க்கு 40 கொடுத்தது. அங்கே நான்கு பேர் தனித்தனியே பத்துக்குப் புள்ளியிடுவார்கள், நால்வரும் முழுப் பத்து போட்டார்கள். அதே கேமுக்கு ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் பத்துக்குக் கொடுத்தது 6.8. மெட்டாக்ரிட்டிக் சராசரி 82. அந்த 82ஐப் பார்த்தால் எல்லாரும் ஓரளவு ரசித்த கேம் போலத் தெரியும். உண்மையில் அது சிலரை உருக வைத்த, சிலரைச் சலிக்க வைத்த கேம். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பிளவைத்தான், அதுவோ சராசரிக்குள் காணாமல் போய்விட்டது.

(இந்த எண்ணை விளையாடுபவர்கள் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை. ஃபோல்அவுட் நியூ வேகஸ் 85 எடுத்தால் உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்று பேச்சு இருந்தது. வந்தது 84. ஒரு புள்ளியில் அந்தப் பணம் போனது.)

ஒரே வருடம், ஒரே மாதிரிப் புள்ளி

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி 28இல் கேப்கொமின் மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ், ஏப்ரல் 24இல் பிரான்ஸின் மொன்பெலியே நகரிலுள்ள சாண்ட்ஃபோல் உருவாக்கிய கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. முதலாவதன் மெட்டாக்ரிட்டிக் புள்ளி 90ஐ ஒட்டி நின்றது. இரண்டாவது 90ஐத் தாண்டியது, டிசம்பரில் த கேம் அவோர்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேமாகவும் தெரிவானது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் பச்சை, இரண்டும் வாங்கலாம்.

ஸ்டீமுக்குப் போனால் கதையே வேறு. எக்ஸ்பெடிஷன் 33க்கு விமர்சகர்களும் வாங்கியவர்களும் ஒரே குரலில் பேசினார்கள். வைல்ட்ஸுக்கு முதல் நாளிலேயே கலவையான விமர்சனம். விற்பனையில் குறையில்லை, மூன்று நாளில் 80 லட்சம் பிரதிகள் போயின. ஆனால் கம்ப்யூட்டரில் அது ஓடும் விதம் பற்றிய முறைப்பாடு நிற்கவேயில்லை. அந்த வருட நடுப்பகுதியில் அண்மைக்கால விமர்சனங்கள் ஸ்டீமின் மிகக் கீழான தரத்துக்கே இறங்கின. பிறகு கேப்கொம் பல திருத்தங்கள் வெளியிட்டது.

வைல்ட்ஸின் ஸ்டீம் பக்கத்தைக் கீழே இழுத்து, குறைந்தபட்சத் தேவையை வாசித்துப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்ட், 75 ஜிபி இடம். அந்தக் கார்டில் கிடைப்பது 720பி என்ற குறைந்த தெளிவில் வரைந்து 1080பிக்குப் பெரிதாக்கிய படம், அதுவும் விநாடிக்கு 30 ஃபிரேம். இங்கே நிறையப் பேரின் கம்ப்யூட்டரில் இருப்பது அந்த வரிசைக் கார்டோ அதற்கும் கீழான ஜிடிஎக்ஸ் 1650ஓ தான். விமர்சகர் எழுதுவது பெரும்பாலும் பலமான கம்ப்யூட்டரிலோ பிஎஸ்5இலோ விளையாடிவிட்டு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட கேம் நம் வீட்டில் ஓடப்போவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்டீமின் பலமும் பலவீனமும்

ஸ்டீமில் புள்ளி என்று ஒன்று கிடையாது. கட்டைவிரல் மேலா கீழா என்பது மட்டும். எத்தனை வீதம் மேல் என்பதை வைத்துத் தரம் வருகிறது. 70க்குக் கீழே போனால் கலவை, 80க்கு மேல் மிக நல்லது, போதிய விமர்சனங்களோடு 95ஐத் தாண்டினால் உச்சத் தரம். 95 வீதம் என்பது 100க்கு 95 மார்க்ஸ் அல்ல, நூறில் 95 பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான். சின்னதாக, அடக்கமாக ஒரு கேம் செய்தால் அந்த வீதம் எளிதாகக் கிடைக்கும். துணிந்து புதிதாக ஏதாவது செய்த கேமுக்குக் கிடைக்காது.

இருந்தும் நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஸ்டீமில் கேமைத் தன் கணக்கில் வைத்திருப்பவர்தான் எழுத முடியும், எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் பக்கத்திலேயே நிற்கும். மெட்டாக்ரிட்டிக்கின் பயனர் புள்ளிக்கு அந்தக் காவல் இல்லை. 2020 ஜூனில் த லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 2 வந்தபோது விமர்சகர் சராசரி 93. பயனர் புள்ளி பத்துக்கு நான்கைக்கூட எட்டாமல் விழுந்தது. கேமை முடித்திருக்கவே முடியாத நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர் புள்ளியிடலாம் என்று மாற்றினார்கள். அந்தப் பகுதியைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியென்றால் ஸ்டீமில் கூட்டமாகத் திரண்டு வந்து எதிர்மறை போடுவதும் வெறும் கூச்சல்தானே என்று கேட்கலாம். ஹெல்டைவர்ஸ் 2 நடந்த விதத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார், அதிலும் இலங்கையில் இருப்பவர் சொல்லவே முடியாது. 2024 பெப்ரவரியில் சோனி வெளியிட்ட கேம். விமர்சகர்களின் பாராட்டு, நல்ல விற்பனை, எல்லாம் இருந்தது. மே மாதத் தொடக்கத்தில், கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களும் இனிமேல் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறந்து இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. இலங்கையில் அந்தச் சேவையே அதிகாரபூர்வமாகக் கிடையாது. இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் வேறு நாட்டைத் தெரிவுசெய்துதான் கணக்குத் திறக்கிறார். சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேம் ஸ்டீம் விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய கேமை நாளை விளையாட முடியுமா என்றே தெரியாத நிலை.

அந்த வார இறுதிக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. மே 6இல் சோனி பின்வாங்கியது. அந்த நாட்களில் மெட்டாக்ரிட்டிக் புள்ளியில் இது பற்றி ஓர் அசைவும் இல்லை, இருக்கவும் முடியாது. கொழும்பில் இருந்து பார்த்த ஒருவருக்கு, ‘பொறு, இதை இப்போது வாங்காதே’ என்று சொன்ன ஒரே எண் ஸ்டீமில் சிவப்பாக நின்றது. திரண்டு வந்து போட்ட விமர்சனங்களைத் தட்டிக்கழிப்பதற்கு முன், என்ன காரணத்துக்காகப் போட்டார்கள் என்று நாலு விமர்சனங்களையாவது வாசித்துவிட வேண்டும்.

மொழியால் வரும் வேறுபாடும் உண்டு. 2025 செப்டெம்பர் 4இல் ஹொலோ நைட்: சில்க்சோங் வந்தபோது உலகமே கொண்டாடியது, சீன மொழியில் எழுதியவர்களிடம் மட்டும் எதிர்மறை குவிந்தது, மொழிபெயர்ப்பு மோசம் என்பது அவர்கள் குறை. ஸ்டீம் அதற்குச் சற்று முன்னர்தான் மொழிவாரியாகப் புள்ளியைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டீமின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, அதனால் நாம் ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் தீர்ப்பைத்தான் பார்க்கிறோம். நம் மெஷினும் நம் இணைய வேகமும் கொண்டவர்கள் அதில் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டே வாசிப்பது நல்லது.

தெரிந்த ஒரு குரல்

சில்க்சோங்குக்கு விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி கொடுக்கவில்லை. முதல் நாள் மெட்டாக்ரிட்டிக் பக்கம் காலி. பிறகு வந்த புள்ளிகள் 90ஐச் சுற்றியே இருந்தன. ஆனால் அந்தக் கேமைப் பற்றி வாங்குபவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் கடினம் எனக்குத் தாங்குமா? முதல் திருத்தத்திலேயே தொடக்கத்தில் வரும் இரண்டு எதிரிகளின் பலத்தைக் குறைத்தார்கள் என்றால் எவ்வளவு கடினம் என்று பாருங்கள். இந்தக் கேள்விக்கு எந்தச் சராசரியும் பதில் தராது. உங்களைப் போலவே தோற்றுத் தோற்று எரிச்சலடையும் ஒரு விமர்சகர் எழுதிய ஒரு பந்தி தரும்.

அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நீங்கள் முழுமையாக விளையாடி முடித்த ஒரு கேமை எடுங்கள், அதற்கு எழுதப்பட்ட விமர்சனங்களை இப்போது வாசியுங்கள். உங்களுக்குச் சலித்த அதே இடம் அவருக்கும் சலித்திருந்தால் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரை அல்ல. ஐஜிஎன் 9 கொடுத்தது என்று நாம் சொல்கிறோம், கொடுத்தவர் ஓர் ஆள். அடுத்த கேமுக்கு எழுதுபவர் வேறு ஆள். தொழில்நுட்பத்துக்கு மட்டும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழுவின் வீடியோக்கள் போதும்: எங்கே படம் தடுமாறுகிறது, எந்த செட்டிங்கைக் குறைத்தால் சரியாகும் என்று அளந்து காட்டுவார்கள். சாதாரணக் கம்ப்யூட்டருக்கு யூடியூப்பில் கேமின் பெயரோடு உங்கள் கார்டின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். பத்து நிமிட வீடியோ ஒன்று எந்தப் புள்ளியையும் விட உண்மையைச் சொல்லும்.

இப்போது எதை வாங்கலாம்

பழைய மெஷினா? 20 டொலர் சில்க்சோங்தான் என் முதல் தெரிவு. ஏறக்குறைய 6,000 ரூபா, இறக்கவேண்டியதும் சில ஜிபிதான். மாத டேட்டாவை எண்ணிப் பாவிக்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. கடினம் பிடிக்காதவர் மட்டும் விட்டுவிடுங்கள். ஓரளவு புதிய கார்ட் இருந்தால் 50 டொலர் எக்ஸ்பெடிஷன் 33. சில்க்சோங், எக்ஸ்பெடிஷன் 33, வைல்ட்ஸ் ஆகிய மூன்றிலும் விமர்சகர், வாங்கியவர் இரு பக்கமும் தயக்கமில்லாமல் ஒத்துப்போனது எக்ஸ்பெடிஷன் 33இல்தான், கேட்கும் காசுக்கு அது தகும்.

பிளேஸ்டேஷனில் டிஸ்க் வாங்குபவருக்கு மெட்டாக்ரிட்டிக்கே பெரும்பாலும் போதும், பிஎஸ்5 புள்ளியைத் தனியாகப் பார்க்கும் வரை. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மெஷின், பிடிக்காவிட்டால் டிஸ்க்கைக் கைமாற்றிப் பாதிக் காசாவது எடுக்கலாம். ஸ்டீமில் அந்த வசதி இல்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் மட்டும் காசு திரும்பும்.

மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸைக் கம்ப்யூட்டரில் வாங்க ஆசைப்படுபவர் 21,000 ரூபாவை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கேப்கொம் வெளியீட்டுக்கு முன்னரே ஸ்டீமில் கேம் உங்கள் மெஷினில் எப்படி ஓடும் என்று அளந்து காட்டும் பெஞ்ச்மார்க் ஒன்றை இலவசமாக விட்டது. அதை இறக்கி உங்கள் மெஷினிலேயே ஓடவிடுங்கள். புல்வெளியைக் கடக்கும் இடத்திலும் ஊருக்குள் நுழையும் இடத்திலும் ஃபிரேம் எண் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். 40க்குக் கீழே போய் நின்றால், விமர்சகர்கள் 90 கொடுத்திருந்தாலும் பிஎஸ்5 வைத்திருக்கும் நண்பர் வீட்டில் விளையாடுவதே மேல்.