பெயர்பெற்ற நிறுவனம், அரித்துப்போன சேஸி: பழைய ஆஃப்ரோடு எஸ்யூவி வாங்குவோருக்கு எச்சரிக்கை

பழைய ஆஃப்ரோடு எஸ்யூவி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எந்த நிறுவனத்தின் வண்டி நீண்ட காலம் உழைக்கும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஓர் அட்டவணை போட்டு மாட்டி, அதில் பச்சைக் கட்டத்தில் இருந்த ஒரு வண்டியை விற்பனையாளர் ஒருவர் எங்கள் தலையில் கட்டினார். அதன் சேஸி, அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம், உள்ளே அரித்துப்போயிருந்தது. எஞ்சினின் சுழற்சியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிகளான டிஃபரென்ஷியல்கள், முன்னும் பின்னும் இரண்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஓடோமீட்டர் காட்டிய தூரம் பொய்.

புகார் விசாரணையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரைச் சொல்லவில்லை. வண்டியின் நிறுவனத்தையும் சொல்லப்போவதில்லை. தயாரித்தவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் கிடையாது. பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் அந்த நிறுவனத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வேறொன்றை நிம்மதியாக வாங்கிவிடுவார்கள். அந்த மனப்போக்கை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

குடும்பத்தோடு கரடுமுரடான பாதைகளில் பயணம் செய்ய, பல ஆண்டுகள் வைத்திருக்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தோம். இவ்வகை வண்டிகளை மட்டுமே விற்கும் இடம் என்று சொல்லித்தான் அங்கே போனோம். அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன். வண்டியைத் தூக்கிக் காட்டும் லிஃப்ட் பழுதாகியிருக்கிறது என்றார். வெளியிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்றதற்கு, "இந்த நிறுவனத்து வண்டிக்குச் சேஸியைப் பார்க்கவே வேண்டாம் ஐயா, அட்டவணையைப் பாருங்கள்" என்றார். கீழே குனிந்து பார்த்தபோது எல்லாம் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சில் மின்னியது. துருவைத் தடுக்க முன்கூட்டியே பூசிக் கொடுக்கிறோம், இதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு மேல் ஓர் எழுத்துபூர்வ உறுதியும் கொடுத்தார்: விபத்தில் சிக்கியதில்லை, வெள்ளத்தில் மூழ்கியதில்லை, சேஸியில் வெல்டிங் வேலை நடந்ததில்லை. அந்தத் தாள்தான் இன்று எங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம்.

வாங்கிய கொஞ்ச காலத்திலேயே பின்பக்கம் ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடியது. வேறொரு மெக்கானிக் டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்தபோது பால் கலந்த தேநீரைப் போல வெளுத்த திரவம் கொட்டியது. முன்பக்கமும் அப்படியே. பற்சக்கரங்களில் குழி விழுந்திருந்தது, பேரிங்குகள் துருவேறியிருந்தன.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. காற்று வந்து போக ஒரு சிறு குழாய் உண்டு, ப்ரீதர் என்பார்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். ஆற்றைக் கடந்துவிட்டு உடனே ஆயிலை மாற்றினால் சேதமில்லை. மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் எந்த நிறுவனத்தின் பற்சக்கரமும் தாங்காது. முன்னர் வைத்திருந்தவர் ஓட்டிய விதம் அது. அதை அறிந்தும் மறைத்தது விற்பனையாளரின் வேலை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஆயிலை வடிக்கும் திருகின் மேலும் அதே கறுப்புப் பூச்சு அடித்து மூடப்பட்டிருந்தது.

சந்தேகம் வந்த மெக்கானிக் சேஸியின் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். பின் சக்கரத்துக்கு மேல் சட்டம் வளையும் இடத்தில் தகரத் துண்டுகளை ஒட்டி வெல்டிங் செய்து, இடைவெளிகளை பட்டி என்னும் நிரப்புக் குழம்பால் நிரப்பியிருந்தார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அங்கே சத்தமே எழவில்லை, பொத்தென்று அமுங்கியது. ஏணி வடிவச் சேஸியின் சட்டங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்ட பெட்டி போன்றவை. சேறும் உப்பு நீரும் துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பூசுவது ஈரத்தை உள்ளேயே அடைத்து அரிப்பை விரைவாக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வாங்கிய வண்டி அது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இப்போது அந்த அட்டவணைக்கு வருகிறேன், ஏனென்றால் அதே மாதிரி அட்டவணையை நீங்களும் எங்காவது பார்ப்பீர்கள். அதன் அடியில் ஜே.டி. பவர் கணக்கெடுப்பு என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. ஜே.டி. பவர் என்பது வண்டி உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்டு ஆய்வு நடத்தும் அமெரிக்க நிறுவனம். அது நடத்தும் தொடக்கத் தரக் கணக்கெடுப்பு, புதிய வண்டியின் முதல் 90 நாட்களில் உரிமையாளர்கள் சொல்லும் குறைகளை எண்ணுகிறது. நீடித்த உழைப்பு பற்றிய அதன் இன்னொரு கணக்கெடுப்பு 3 ஆண்டு பழைய வண்டிகளைப் பற்றியது. இரண்டிலும் 100 வண்டிக்கு எத்தனை குறை என்பதுதான் அளவு; திரை கைப்பேசியோடு இணையவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் பழுதானதும் ஒரு குறை. தயாரிப்பு நிறுவனம் வாரியான வரிசையில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் சிறிய நகர்ப்புற கார்களும் சேர்ந்தே வரும். இதை எடுத்து வைத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டு ஓடிய ஏணிச் சேஸி வண்டிக்குச் சான்றிதழ் கொடுப்பது அப்பட்டமான ஏமாற்று. கணக்கெடுப்பில் பொய் இல்லை, அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் பொய் இருக்கிறது.

நீண்ட கால உழைப்பை ஒப்பிட வேண்டுமானால் நிறுவனத்தை விட்டுவிட்டு எஞ்சினையும் ஆண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏமாந்த பிறகு அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் பேசி, ஆவணங்களைத் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்.

இதற்கு நிஸான் பேட்ரோல் நல்ல எடுத்துக்காட்டு. ஒய்61 என்ற தலைமுறையில் டிடி42 என்னும் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும் வந்தது, இசட்டி30 என்னும் 3.0 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் வந்தது. முதலாவதற்காக இன்றும் தேடி அலைகிறார்கள். இரண்டாவதன் தொடக்க கால எஞ்சின்கள் பிஸ்டன் உருகிப் போவதற்குப் பேர்போனவை. ஒரே நிறுவனம், ஒரே வண்டி. மூடியைத் திறந்து பார்க்காதவருக்கு வித்தியாசமே தெரியாது. அதே நிறுவனத்தின் பாத்ஃபைண்டரில் 2005 முதல் 2010 வரையிலான வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குளிர்விப்பான் விரிசல் விட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கலந்த வழக்குகள் ஏராளம். ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றியிருந்தால் கியர்பாக்ஸ் பிழைக்கும். மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் அந்த வண்டியை விட்டு விலகுங்கள்.

டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லாதவர் இல்லை. 1951-இல் தொடங்கிய லேண்ட் க்ரூஸர் மரபுக்கும், 1984-இல் வந்து இன்றும் தயாராகிக்கொண்டிருக்கும் 70 வரிசைக்கும், டர்போ இல்லாத 1எச்இசட் டீசல் எஞ்சினுக்கும் அந்தப் புகழ் தகும். ஆனால் அதே நிறுவனம் அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா பிக்கப்கள், செக்கோயா எஸ்யூவி ஆகியவற்றின் சேஸி துருப்பிடிப்பது தொடர்பான வழக்கில் 2016-இல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்வது பற்றிய கூட்டு வழக்கில் நீதிமன்றம் 2022-இல் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-இல், எஞ்சின் தயாரிப்பின்போது உலோகத் துகள்கள் உள்ளே தங்கிவிட்டதாகச் சொல்லி சுமார் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளை அந்நிறுவனமே திரும்ப அழைத்தது. சேஸியைப் பார்க்கவே வேண்டாம் என்று எந்த நிறுவனத்தைப் பற்றியும் ஒருவர் சொல்ல முடியாது.

லேண்ட் ரோவரை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். 2016 ஜனவரியில் தயாரிப்பு முடிந்த பழைய டிஃபெண்டர் ஆயில் கசியும், மழை நீர் உள்ளே வரும். ஆனால் சாதாரணக் கருவிகளோடு சாலையோரத்தில் பிரித்துச் சரிசெய்யலாம். 2004-இல் வந்த டிஸ்கவரி 3 முற்றிலும் வேறு ரகம்: ஏர் சஸ்பென்ஷன், மின்சாரக் கைத்தடை, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு முறிவது பற்றிய புகார்கள் கொண்ட 2.7 லிட்டர் டீசல் எஞ்சின். ஒரே பச்சைக் கட்டத்திலோ ஒரே சிவப்புக் கட்டத்திலோ இரண்டையும் அடைக்க முடியுமா?

ஜீப்பில் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய செரோக்கி பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்ற பெயர் வாங்கியது. ராங்ளரில் 2012 முதல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினில் தொடக்க காலத்தில் இடப்பக்க சிலிண்டர் ஹெட் பழுதானதால் நிறுவனமே அந்தப் பாகத்துக்கு வாரண்டியை 10 ஆண்டுகளாக நீட்டியது. மிட்சுபிஷி பஜேரோவின் 4டி56 டீசலில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் தண்டுக்கென்று ஒரு சிறு பெல்ட் உண்டு. அது அறுந்து, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டில் சிக்கினால் எஞ்சினே போய்விடும். நேரத்துக்கு மாற்றியவர்களிடம் அதே எஞ்சின் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. சுஸுகி ஜிம்னி சிறியது, எளிமையானது, எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் முன் சக்கரங்கள் திரும்பும் முனையில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மேட்டின் மேல் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

ஓடோமீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பில் தெரியும் எண்ணை மாற்றிவிட்டார்கள். ஆனால் பல வண்டிகளில் ஓடிய தூரம் வேறு கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது கியர்பாக்ஸின் பதிவும் முகப்பின் பதிவும் ஒத்துப்போகவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. இருக்கை பெல்ட்டின் அடி நுனிச் சீட்டிலும் பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டு இருக்கும். வண்டியின் ஆண்டுக்கு வெகு பிந்திய பெல்ட் இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி இருக்கைத் தண்டவாளங்களைப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. எஞ்சினை முன்பே சூடேற்றி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் தொட்டுப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியரில் போட்டு ஓட்டாமல் திரும்பாதீர்கள். எங்களுக்கு அதையும் "தேவைப்படும்போது மட்டும் போட வேண்டியது" என்று சொல்லித் தட்டிக்கழித்தார்.

கடைசியாக வாரண்டி. நிறுவனத்தின் வாரண்டிக்கு இணையானது என்று சொல்லித்தான் கொடுத்தார். தாளைப் பார்த்தால் அது மூன்றாவது ஒரு நிறுவனம் தருவது. டிஃபரென்ஷியல் பழுதுக்கு விண்ணப்பித்தபோது, தண்ணீர் புகுந்தது வெளிக்காரணம் என்றும், சாலைக்கு வெளியே ஓட்டியதால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் மறுத்துவிட்டார்கள். ஆதாரம்? வண்டியின் அடியில் சேறு இருந்ததாம். ஆஃப்ரோடு வண்டி என்று சொல்லி விற்றுவிட்டு, ஆஃப்ரோடு ஓட்டினால் செல்லாத வாரண்டியைக் கையில் திணிப்பதைவிடக் கேவலமான வியாபாரம் எனக்குத் தெரியவில்லை. விற்பனையாளரோ, வாரண்டி நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள் என்று கைகழுவினார்.

வண்டி இப்போது ஓடுவதில்லை. சேஸியின் நிழற்படங்கள், வடித்த ஆயிலின் மாதிரி, ஸ்கேனர் அறிக்கை, மெக்கானிக்கின் கையொப்பமிட்ட ஆய்வறிக்கை எல்லாவற்றையும் புகாரோடு இணைத்திருக்கிறோம். நீங்கள் வாங்கப் போனால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: சேஸியில் வெல்டிங் நடந்ததா, வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா, ஓடிய தூரம் உண்மையா. லிஃப்ட் பழுது என்றால் வேறொரு பணிமனையில் ஏற்றிப் பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.