மாற்குவைப் படிக்க இரண்டு வழிகள்

மாற்கு நற்செய்தி ரோமப் பேரரசை எதிர்க்கிறதா, இல்லை அதே பேரரசின் அதிகாரத்தைக் கடவுள் பெயருக்கு மாற்றி எழுதுகிறதா? பின்காலனிய வாசிப்பில், அதாவது ஒரு நூல் பேரரசு ஆதிக்கத்தோடு எப்படி உறவாடுகிறது என்று கேட்கும் வாசிப்பில், பெரிய பிளவே இங்கேதான். எதிர்ப்பு என்கிறார்கள் ரிச்சர்ட் ஹார்ஸ்லி போன்ற விவிலிய அறிஞர்கள். மாற்றி எழுதுகிறது என்கிறார் இன்னொரு விவிலிய அறிஞர் பென்னி லியூ.

5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கல்லறைகளில் அலையும் மனிதனுக்குள் இருக்கும் ஆவி தன் பெயர் லேகியோன் என்கிறது. சுமார் 5,000 வீரர்கள் கொண்ட ரோமப் படைப்பிரிவுக்கு அதுதான் பெயர். அந்த நாட்டைவிட்டுத் துரத்திவிட வேண்டாம் என்று இயேசுவிடம் கெஞ்சுகிறது. பன்றிகளுக்குள் புகுந்து கடலில் மூழ்கிப்போகிறது. கி.பி. 70-இல் எருசலேமை முற்றுகையிட்ட பத்தாம் லேகியோனின் சின்னங்களில் காட்டுப்பன்றியும் ஒன்று. மாற்கு எழுதப்பட்டதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். மூழ்கியது யார் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் எதிர்ப்பு வாசிப்பு மிகவும் வலுவானது.

சரி, அதே காட்சியைப் பன்றி மேய்த்தவர்கள் பக்கம் நின்று பாருங்கள். படகில் வந்து இறங்கிய இயேசு ஆவிக்கு அனுமதி கொடுக்கிறார். 2,000 பன்றிகள் போய்விடுகின்றன. அது யாரோ சிலரின் பிழைப்பு. ஊர்க்காரர்கள் அவரைப் போய்விடும்படி வேண்டிக்கொள்வதில் நியாயமே இல்லையா? அந்நிய நிலத்துக்குள் நுழைவதை ஒரு விவிலியப் பகுதி எப்படி நியாயப்படுத்துகிறது என்று கேட்கப் பழக்கியவர் போட்ஸ்வானாவின் விவிலிய அறிஞர் மூசா டூபே.

லியூ இன்னும் தூரம் போகிறார். 12-ஆம் அதிகாரத் திராட்சைத் தோட்ட உவமையில் தோட்டத்தின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்துகொண்டு குத்தகைப் பங்கு கேட்டு ஆள் அனுப்புகிறார். கடைசியில் வந்து குத்தகைக்காரர்களை அழிப்பார். அந்தச் சொந்தக்காரரைத்தான் கடவுள் என்று வழக்கமாக விளக்குகிறார்கள். ஆள்பவர் மாறுகிறார், பணியாதவர்களை அழிக்கும் முறை மாறவில்லை என்பது லியூவின் வாதம்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் இந்த இரண்டாவது வாசிப்பை எடுப்பேன். உலகெங்கும் போங்கள் என்ற இயேசுவின் கட்டளை கிறிஸ்தவர்களை இன்னும் கட்டுப்படுத்துகிறது என்று, பின்னர் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1792-இல் எழுதினார். பேரரசின் கப்பல்கள் போன வழியிலேயே பல மிஷனரிகளும் போனார்கள். தங்களை விடுதலை தருபவர்களாகப் பார்க்கும் வாசிப்பு அவர்களுக்கு என்றைக்குமே கைவசம் இருந்தது. பன்றி இழந்தவர்களாக யாரும் தங்களைப் பார்த்ததில்லை.

ஆனாலும் 10-ஆம் அதிகாரம் இருக்கிறது. புறஜாதியாரின் (யூதரல்லாதவர்களின்) அதிபதிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக்கூடாது என்று இயேசு சொல்வதை லியூவின் வாதத்தால் கரைத்துவிட முடியாது.