அன்செல்மா, அக்குவினாஸா: யாரிடம் தொடங்குவது?

இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையில் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர், அன்செல்ம், அக்குவினாஸ் என்னும் இரு இறையியலாளர்களில் யாரை முதலில் படிப்பது என்று தயங்குவதுண்டு.

தொடக்கம்: அன்செல்ம் நம்பிக்கையிலிருந்து புறப்பட்டு அதற்கு விளக்கம் தேடுகிறார். அக்குவினாஸோ கண்முன் காணும் அசைவு, காரணம் முதலியவற்றிலிருந்து கடவுளை நோக்கிச் செல்கிறார்.

அறிவின் எல்லை: 'இதனினும் பெரியதை எண்ணவே இயலாது' என்னும் கருத்து ஒன்றைக் கொண்டே கடவுள் உண்டென்று நிறுவ அன்செல்ம் முயன்றார். அக்குவினாஸ் அதை ஏற்கவில்லை. கடவுள் இருப்பதை அறிவால் காட்டலாம், ஆனால் கடவுள் மூவொருவர் (தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருந்தும் ஒரே கடவுள்) என்பதையும் உலகுக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டு என்பதையும் நம்பிக்கையால் மட்டுமே ஏற்க முடியும் என்று அவர் கிழித்த கோடு, என் பார்வையில், அன்செல்மின் துணிச்சலைவிட நம்பகமானது.

எதிர்ப்பைத் தாங்கும் வலு: கருத்தைக் கொண்டே ஒன்று இருப்பதாக நிறுவலாம் என்றால், நாம் எண்ணும் நிகரற்ற தீவொன்றும் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று அன்செல்மை அவர் காலத்துத் துறவி கௌனிலோவே மடக்கினார். 1277இல் பாரிஸ் ஆயர் (பிஷப்) கண்டித்த 219 கருத்துகளில் சில அக்குவினாஸின் போதனையையும் தொட்டன. ஆனாலும் 1323இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

வேண்டுதல் வடிவிலான சிறு நூலில் ஒரே வாதத்தைத் துருவிப் பார்க்க விரும்புபவருக்கு அன்செல்ம் பொருந்துவார். மறுப்புகளை முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு விடை சொல்லும் முறையில், தத்துவம் எங்கே நின்று இறையியல் எங்கே தொடங்குகிறது என்று தேடுபவர், பொறுமை இருந்தால், அக்குவினாஸிடம் செல்லலாம்.