காடு சுத்தம் செய்ய டிராக்டர், பிரஷ் கட்டர் வாடகை: உடங்காட்டில் எதுவரை செல்லும்?

நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உடங்காடு, அதாவது சீமை உடை (சீமைக் கருவேலம்) மண்டிய நிலம், சுத்தம் செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே சரக்குதான். 45 அல்லது 50 குதிரைத்திறன் டிராக்டர், அதன் பின்னால் ஐந்தடி ரொட்டோவேட்டர் (சுழலும் கத்திக் கலப்பை), டிரெய்லரில் இரண்டு பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புதர் அறுக்கும் மிஷின்), கூட மூன்று ஆள். "ரெண்டு நாள்ல விளையாட்டு மைதானமாக்கித் தாரேன் அண்ணாச்சி" என்பார் டிரைவர். ஆக்கியும் தருவார். ஐப்பசி மழை விழுந்து ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

இரண்டு, மூன்று வருடம் போட்ட தரிசு என்றால் இந்த ஜோடிக்கு நாங்கள் தாராளமாக நல்ல மார்க் போடுவோம். ஆவாரை, கொழுஞ்சி, எருக்கு, நாயுருவி, பார்த்தீனியம், விரல் தண்டி உடங்கன்று எல்லாவற்றுக்கும் போதும், செலவும் கட்டுக்குள் நிற்கும். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த சீமை உடைக்கு இது மட்டும் போதாது. காசு போய்விடும், காடு திரும்பி வந்துவிடும்.

காரணம் தூர். சீமை உடையைத் தரையோடு வெட்டினால் அது சாகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டு விழுந்ததும் அவை முழிக்கும். ஒற்றைத் தண்டாக இருந்த மரம் ஐந்தாறு கொம்பு விட்டுப் புதராகும். விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் சும்மாவே வெட்டிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களிடம் ஒப்படைத்த நிலங்கள் முன்னைவிட அடர்ந்து நிற்பது இதனால்தான். அவர்களுக்கு வேண்டியது கட்டை, தூர் அல்ல. ஏறக்குறைய ஒரு அடி ஆழம் தோண்டிக் கழுத்தோடு எடுத்தால்தான் அந்த மரத்தின் கணக்கு முடியும்.

எனவே பிரஷ் கட்டர்காரர் செய்யும் முதல் தவறு, மணிக்கட்டு தண்டி மரத்தையும் ரம்பப் பிளேடு போட்டுத் தரையோடு அறுத்துவிடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதற்குப் பிறகு தூரை இழுக்கச் சங்கிலி மாட்ட இடமிருக்காது. அறுவை சாய்வாக விழுந்திருந்தால் மூன்று அங்குலக் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், டிராக்டரின் முன் டயர் அதில்தான் ஏறும். பெரிய மரத்தை இடுப்பு உயரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டைதான் நெம்புகோல். மண் ஈரமாக இருக்கும்போது அதில் சங்கிலி போட்டு இழுத்தால் தூர் கழுத்தோடு வரும். சங்கிலியை டிராக்டரின் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் பகுதியில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் கவிழும். தொடை தண்டி மரம் என்றால் டிராக்டரை வதைக்காமல் ஜேசிபி பிடித்துவிடலாம்.

பிரஷ் கட்டரில் இரண்டு சாதி வருகிறது. ஒன்று ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற 35.8 சிசி நான்கு ஸ்ட்ரோக். ஆயில் கலக்காத பெட்ரோல், எஞ்சினுக்குத் தனியாக 100 மில்லி ஆயில். சத்தமும் புகையும் குறைவு, பெட்ரோல் மிகவும் சிக்கனம். புல்லுக்கும் இளங்கன்றுக்கும் இதுவே எங்கள் தேர்வு. ஆயில் வெறும் 100 மில்லி என்பதால் அரை மட்டத்துக்கு இறங்கினாலும் ஆபத்து; தினமும் காலையில் பார்க்காதவர் கையில் இது நிலைக்காது. மற்றது மலிவு விலை 52 சிசி இரண்டு ஸ்ட்ரோக். முள்ளுக்கு இழுவை அதிகம், பெட்ரோல் குடிப்பதும் அதிகம். இவற்றில் பலவற்றுக்கு 25:1 கலவை, அதாவது லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்). வேறு சிலவற்றுக்கு 50:1, லிட்டருக்கு 20 மில்லி. மூடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுவதில்தான் பிஸ்டன் கீறல் விழுகிறது. பிளேடு கட்டையில் சிக்கி நிற்கும்போது ஆக்சிலேட்டரை விடாமல் அழுத்தினால் கிளட்ச் கருகும். கருகல் வாடை வந்ததும் நிறுத்தாவிட்டால் டிரம்மும் சேர்ந்து போகும். செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டரை நாளுக்கு ஒரு தரமாவது கழற்றித் தட்ட வேண்டும். கியர் பெட்டிக்கு 20, 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ்.

பிளேடு மூன்று வகை. நைலான் நரம்பு பசும்புல்லுக்கு. மாங்கன்று, தென்னங்கன்று அடியில் அதை ஓட்டினால் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடும், கன்று காய்ந்த பிறகுதான் காரணம் புரியும். கன்றைச் சுற்றி ஒரு அடியைக் கையால் களையெடுப்பதே மேல். மூன்று பல் பிளேடு முரட்டுப் புல்லுக்கும் விரல் தண்டிச் செடிக்கும். வட்ட ரம்பம் இரண்டு அங்குலம் வரை. பிளேடு நட்டு இடது மரை. வழக்கமான திசையில் முறுக்கிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும்.

பிளேடை மேலிருந்து பார்க்க இடப்பக்கமாகச் சுழல்கிறது. அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி கட்டையில் பட்டதும் மிஷின் பின்னுக்கு எகிறும். தண்டை அறுக்க வேண்டியது 9 முதல் 11 வரை உள்ள பக்கத்தால். புல் சிக்குகிறது என்று தடுப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை பார்ப்பது பல ஆட்களுக்கு வழக்கம். அப்படி வந்தால் மாட்டச் சொல்லுங்கள், மாட்டாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். சரள் மண்ணில் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது.

அடுத்து ரொட்டோவேட்டர். ஐந்தடிக் கருவியில் சாதாரணமாக 36 கத்தி, பிடிஓ (டிராக்டரின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. சுத்தமான நிலத்தில் நாலைந்து அங்குலம் கிளறி மாவு மாதிரி ஆக்கும். தூர் இருக்கும் நிலத்தில் முதல் உழவுக்கே இதை இறக்குவது தவறு. கத்தி வளையும், ஷியர் போல்ட் (கியர் பாக்ஸைக் காக்கத் தான் முதலில் அறுந்துபோகும் போல்ட்) அறுந்துகொண்டே இருக்கும். போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று அதற்குப் பதில் கெட்டியான போல்ட் போடுகிறவர் கியர் பாக்ஸை அடகு வைக்கிறார். முதலில் சட்டிக் கலப்பை அல்லது ஐந்து கொத்து, அதன் பின் ஒன்பது கொத்துக் கலப்பை குறுக்கே. மேலே வரும் வேரையும் கட்டையையும் ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். கவைக்கம்பு, மம்பட்டி, கனத்த செருப்பு எல்லாம் இந்தக் கட்டத்துக்குத்தான். ரொட்டோவேட்டர் கடைசியில். புதருக்குள் பழைய முள்கம்பியோ சொட்டுநீர்க் குழாயோ கிடந்தால் அது அச்சில் சுருண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். பேரிங் ஓரம் எண்ணெய் கசிந்தால் உடனே நிறுத்திப் பார்க்கச் சொல்லவும்.

கோரை மண்டிய வயலுக்கு ரொட்டோவேட்டர் ஆகவே ஆகாது. கிழங்கை அறுத்து நிலம் முழுக்க விதைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். அங்கே சித்திரை வெயிலில் ஆழக் கோடை உழவு போட்டுக் கிழங்கைக் காயவிடுவதுதான் வழி.

மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பின் பல நாள் வண்டி இறங்காது, காய்ந்தால் பாறை. செம்மண்ணில் நல்ல மழைக்கு இரண்டு, மூன்று நாள் கழித்து இறங்கலாம், தூர் பிடுங்க அதுவே நேரம். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர் வட்டாரத்தில் குவித்த முள்ளுக்குத் தீ வைக்கவே கூடாது, பக்கத்து விளையும் சேர்ந்து எரியும். முள்ளைக் கரிக்காரர்களுக்குக் கொடுத்தால் கொஞ்சம் காசும் ஆகும்.

வண்டி இறங்கும் முன் ஒரு ஆள் கம்போடு நிலத்தைச் சுற்றி வரட்டும். கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறு புதருக்குள் மறைந்திருக்கும். சர்வே கல் நகர்ந்தால் பக்கத்துக்காரரோடு வழக்கு. இரண்டையும் வெள்ளைத் துணி கட்டி அடையாளம் வைக்கவும். காற்றாலை அருகே என்றால் நிலத்தடிக் கேபிள் பற்றிக் கேட்டுக்கொள்ளவும். மயில் முட்டை இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட வேண்டும், மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. பனையைத் தொடவே வேண்டாம். 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தபடி வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். குடை விரித்து நிற்கும் நம்மூர் உடைமரத்தையும் சீமை உடை என்று எண்ணிச் சாய்த்துவிடாதீர்கள், ஆட்டுக்கு நெற்றும் நிழலும் அதுதான்.

கூலியை ஏக்கருக்குப் பேசாமல் மணிக்குப் பேசுவது நல்லது, டிராக்டரின் மணிக்கணக்கு மீட்டரைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பார்த்துக்கொள்ளவும். ஏக்கர் கணக்கில் வருகிறவர் தூரை விட்டுவிட்டு ஓடத்தான் பார்ப்பார். முள் குத்தி டயர் பஞ்சர் ஆனால் யார் செலவு, தூர் பொறுக்கும் ஆள் யாருடையது, பெயர்த்த கட்டை யாருக்கு என்ற மூன்றையும் முதலிலேயே பேசிவிட்டால் சண்டை இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர், ஜேசிபி, புல்டோசரை உழவன் செயலியில் பதிவு செய்யலாம், வாடகை வெளியாரைவிடக் குறைவு. மழை நேரத்தில் வரிசை நீளம், எனவே புரட்டாசியிலேயே பதியவும்.

வேலை முடிந்த பின் முதல் மழைக்கு மண்ணில் கிடந்த நெற்று விதையெல்லாம் முளைக்கும். கன்று ஒரு சாண் இருக்கும்போது ஈர மண்ணில் கையோடு பிடுங்கினால் வேரோடு வரும். நெற்று தின்ற ஆட்டு மந்தையை அந்த நிலத்தில் கிடை போட வேண்டாம், புழுக்கையோடு விதையும் இறங்கும்.