செகண்ட் லைஃபில் என் அவதார்: 2009 முதல் ஒரே முகம்

2009-ல் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் உட்கார்ந்தது என் அவதாருக்கு, அதாவது அங்கே நடமாடும் என் உருவத்துக்கு, முகத்தைச் செய்யத்தான். ஊர் சுற்றவில்லை, யாரிடமும் பேசவில்லை. தோற்றத்தை மாற்றும் பெட்டியைத் திறந்தால் ஸ்லைடர்கள் வரிசையாக நின்றன: கண்களுக்கு நடுவே இடைவெளி, மூக்கின் அகலம், உதட்டின் தடிமன், தாடையின் கோணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் எண். மூன்று ராத்திரி அதிலேயே போனது. மனதுக்குப் பிடித்த முகம் வந்ததும் எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்றும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது எந்த உடம்பை வாங்குவது, எந்தத் தலை நல்லது என்றுதான். நான் முதலில் சொல்வது வேறு. உடம்பும் தலையும் முடியும் இரண்டு மூன்று வருடத்தில் பழசாகிவிடும். ஷேப்பை, அதாவது அந்த ஸ்லைடர் எண்களின் தொகுப்பை, காப்பாற்றி வையுங்கள். உங்கள் அவதாரை உங்களுடையதாக ஆக்குவது அந்த எண்கள்தான். காசு கொடுத்து ஷேப் வாங்கினாலும் மாற்ற அனுமதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அனுமதி இல்லாத ஷேப்பில் ஒரு ஸ்லைடரைக்கூட அசைக்க முடியாது, பின்னால் வேறு தலைக்கு மாறும்போது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

லிண்டன் லேப் என்ற நிறுவனம் இந்த உலகத்தைத் திறந்தது 2003 ஜூனில். இங்கே துணிமணி, முடி, தோல், செருப்பு எல்லாமே பெரும்பாலும் அங்கே புழங்குகிறவர்களே செய்து லிண்டன் டாலர் என்ற அந்த உலகத்து நாணயத்துக்கு விற்பவை. இத்தனை வருடம் கழித்தும் இதன் ஃபேஷன் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் வந்த காலத்தில் உடை என்பது உடம்பின்மேல் பூசிய படம். சட்டை, பேன்ட், ஜாக்கெட் என்று அடுக்குகள் உண்டு, ஆனால் எல்லாம் தோலோடு ஒட்டித்தான் கிடக்கும். மடிப்பும் நிழலும் வரைந்தவரின் கைத்திறமை. காலர், கை நுனி, பாவாடை மாதிரி வெளியே நீட்ட வேண்டியவற்றைப் பிரிம் என்ற சின்னச் சின்ன வடிவங்களால் செய்து மாட்டுவோம். வளையும் பிரிமில் செய்த பாவாடை நடக்கும்போது அலை அலையாக ஆடும், அவ்வளவு அழகு. உட்கார்ந்தால் தொடை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு ஈடான பாவாடையை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

2011-ல் மெஷ் என்ற முப்பரிமாண வடிவ முறை வந்தது. வெளியே மாடலிங் மென்பொருளில் செய்த துணியை உள்ளே கொண்டுவரலாம் என்றானதும் கோட்டு கோட்டாகவும் பூட்ஸ் பூட்ஸாகவும் தெரிய ஆரம்பித்தது. ஆனால் அது ஸ்லைடருக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. ஐந்தாறு அளவுகளில் கொடுப்பார்கள், நமக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டுக்கொண்டு, துருத்துகிற உடம்பை ஆல்ஃபா அடுக்கால் மறைக்க வேண்டும். 2014-ல் ஃபிட்டட் மெஷ் வந்தபிறகுதான் மார்பு, இடுப்பு எண்களை மாற்றினால் துணியும் கூடவே மாறியது. அதன் பின்னாலேயே, பழைய உடம்பை மறைத்துவிட்டு மாட்டும் மெஷ் உடம்புகள் பரவின. பழைய உடம்பின் கட்டை விரல்களையும் கோணல் முழங்கால்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விஷயம்.

தலையில்தான் எனக்கு அடி விழுந்தது. 2015-ல் ஒரு மெஷ் தலை வாங்கினேன். இமை, உதடு, காது எல்லாம் அப்படி ஒரு நேர்த்தி. ஆனால் அந்தக் காலத்தில் அவதாரின் எலும்புக்கூட்டில் முகத்துக்கென்று எலும்புகள் கிடையாது, அதனால் மெஷ் தலையில் முக ஸ்லைடர்கள் வேலை செய்யாது. செதுக்கியவர் என்ன முகம் வைத்தாரோ அதுதான் முகம். ஒரு நடன விழாவுக்குப் போனேன், என் முகத்தோடு இன்னும் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். பல வருடத் தோழி பக்கத்தில் வந்து, “நீயா? தலைக்கு மேல பேரைப் பாத்துத்தான் தெரிஞ்சுது” என்றாள். எனக்கு அன்று மனசே சரியில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தத் தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய தலையை மெஷ் உடம்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

அதில் இன்னொரு தொல்லை, கழுத்துக் கோடு. தலையின் தோல் ஒன்று, உடம்பின் தோல் வேறொன்று. என் அவதாருக்கு நல்ல பழுப்பு நிறம். வெளிர் தோல்களுக்கு உடம்பும் தலையும் பொருந்தும்படி நிறைய ஜோடிகள் கிடைத்தன, அடர் நிறங்களுக்கு அப்போது குறைவு. ஒரு சாயல் சிவப்பாக இருக்கும், இன்னொன்று சாம்பல் அடித்திருக்கும். உச்சி வெயிலில் பொருந்துவது அந்தி வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். மாதக் கணக்கில் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபோடு திரிந்தேன். இப்போது அடர் தோல்கள் எத்தனையோ வந்துவிட்டன. இன்றும் தோல் வாங்குவதற்கு முன் டெமோவைப் போட்டுக் காலை, உச்சி வெயில், அந்தி என மூன்று வெளிச்சத்திலும் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

2016 டிசம்பரில் பென்டோ வந்தது. முகத்துக்கும் விரல்களுக்கும், இறக்கை வாலுக்கும்கூடப் புதிய எலும்புகள். பென்டோ தலைகள் ஸ்லைடருக்கு அசைந்தன. நோட்டை எடுத்து எண்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். முகம் வரவில்லை. அடிப்படைத் தலை மாறினால் அதே எண் வேறு மூக்கைத்தான் கொடுக்கும். மூக்கின் அகலம் பழைய தலையில் 38, புதியதில் 51-க்குக் கொண்டுபோன பிறகுதான் சரியானது. பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலை பார்த்தேன். அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். கேமராவை முகத்துக்கு நேராக ஒரே தூரத்தில் நிறுத்தி, வெளிச்சத்தை மாற்றாமல், முதலில் கண் இடைவெளியையும் தாடையையும் முடித்துவிட வேண்டும். மூக்கு அப்புறம், உதடு கடைசியில். உதட்டிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பத் திரும்ப அதற்கே வர வேண்டியிருக்கும்.

முகம் வந்துவிட்டது, மச்சம் வரவில்லை. 2010-ல் தோலின்மேல் படம் ஒட்டும் டாட்டூ அடுக்கு அறிமுகமானபோது, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு படத்தில் ஒரே ஒரு பழுப்புப் புள்ளி வைத்து, 10 லிண்டன் டாலர் கட்டிப் பதிவேற்றியிருந்தேன். இடது கன்னத்தில், உதட்டு ஓரத்துக்குச் சற்றுக் கீழே. அது பழைய உடம்பின்மேல் விழுகிற அடுக்கு. மெஷ் தலை போட்டால் பழைய தலையை மறைத்துவிடுகிறோம், அதோடு மச்சமும் மறைந்துவிடும். 2019 ஆகஸ்டில் பேக்ஸ் ஆன் மெஷ் வந்தது. தோல், டாட்டூ, பூசிய துணி எல்லாவற்றையும் சர்வர் ஒரே படமாகச் சேர்த்து அதை மெஷ்ஷின்மேலேயே போர்த்தும் வசதி. பொருட்பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பழைய டாட்டூவைத் தேடி எடுத்து அணிந்தேன். சில விநாடி மங்கலாக இருந்தது. பிறகு மச்சம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன்.

அந்த மாற்றத்தால் உடம்பும் இலேசானது. முன்பு டாட்டூவுக்கு ஒன்று, உள்ளாடைக்கு ஒன்று என்று மெஷ் உடம்பின்மேல் வெங்காயத் தோல் மாதிரி பல கூடுகள் இருக்கும். அவை தேவையில்லாமல் போயின. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அவதாரை வரைய மற்றவர்களின் கணினிதான் பாடுபடுகிறது. ஒவ்வொரு அவதாருக்கும் சிக்கல் அளவு என்று ஓர் எண் உண்டு. கூட்டமான இடத்தில் பலர் அதற்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டினால் நீங்கள் அவர்கள் திரையில் வெறும் ஒரே நிற ஜெல்லி பொம்மை. ஒருமுறை என் எண் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் காரணம் உடையே இல்லை, ஒரு ஜோடிக் காதணி. அது போனதும் எழுபதாயிரத்துக்குள் வந்துவிட்டது. வாங்கிய புதிதில் ஒவ்வொரு நகையையும் இப்படிச் சோதித்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். மைட்ரேயா லாரா, லெகசி, ரீபார்ன் என்று உடம்புகள் பல, ஒன்றுக்குத் தைத்த துணி இன்னொன்றுக்குப் பொருந்துவது அபூர்வம். உடம்பைத் தேர்ந்தெடுப்பது அலமாரியையே தேர்ந்தெடுப்பது. ஆகவே முதலில் உங்களுக்குப் பிடித்த நாலைந்து கடைகளுக்குப் போய், அவர்கள் எந்த உடம்புகளுக்குத் துணி போடுகிறார்கள் என்று பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். உடம்பு மாறிய அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட உடைகள் பெட்டிக்குள் போய்விட்டன.

அப்புறம், தொப்பி போட்டதும் முடி காணாமல் போகிறது என்று பதறாதீர்கள். ‘அணி’ என்று கொடுத்தால் அதே இடத்தில் மாட்டியிருப்பது கழன்றுவிடும், ‘சேர்’ என்று கொடுத்தால் இரண்டும் இருக்கும். மொத்தம் 38 பொருள் வரை மாட்டலாம்.

2023 கடைசியில் வந்த பிபிஆர் (வெளிச்சம் பொருளின்மேல் நிஜம்போலப் படும் முறை) துணிகளில் பட்டு பட்டாகவே மின்னுகிறது, உலோகப் பொத்தானில் சுற்றுப்புறம் தெரிகிறது. வாங்கும்போது பழைய முறைப் படமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய வியூவர் (இந்த உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு நீங்கள் வெள்ளைத் துணியோடு நிற்பீர்கள்.

போன வருடம் மறுபடியும் தலை மாற்றினேன். புதியதில் முகத்தின்மேல் தோல் படம் படியும் அமைப்பே வேறு, பழைய டாட்டூவைப் போட்டால் மச்சம் தாடைக்கு இறங்கிவிட்டது. நோட்டில் மூன்றாவது பத்தி போட்டு எண்களை எழுதி முடித்து, புள்ளியைப் புதிதாக வைத்துப் பதிவேற்றினேன். அன்று மாலை அதே தோழி வந்தாள். கேமராவை என் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தாள் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு எழுதினாள்: “மச்சம் ஒரு நூல் மேல ஏறியிருக்கு, பாத்தியா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது. படத்தைத் திறந்து புள்ளியை மூன்று பிக்சல் கீழே இறக்கி, திரும்பவும் பதிவேற்றினேன்.