பழைய ஆரோவும் எரியாத பச்சை விளக்கும்

பைப்பர் ஆரோ என்ற சிறு விமானத்தை வாங்கலாமா, அதன் மடக்குச் சக்கரத்தை நம்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் விமானம் இப்போதுதான் ஜாக்கிலிருந்து இறங்கியிருக்கிறது, கேட்ட நேரம் அப்படி. எஞ்சின், வேகம், எரிபொருள் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும். சக்கரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதில் சக்கரங்களை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் மட்டும்தான், கொக்கி எதுவும் கிடையாது. பம்ப் செத்தாலும் குழாய் கசிந்தாலும் அவை கீழேதான் வரும். இருக்கைகளுக்கு நடுவே உள்ள அவசர நெம்புகோலை இயக்கினால் மிச்ச அழுத்தமும் போய் மூன்றும் தம் எடையிலேயே விழும், முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் உதவி வேறு. 1967இல் வந்த முதல் ஆரோவிலேயே, விமானி மறந்தாலும் தானாகச் சக்கரத்தை இறக்கிவிடும் ஏற்பாடு இருந்தது. எஞ்சினைக் குறைத்து மணிக்கு சுமார் 105 மைலுக்குக் கீழே வந்தால் போதும். எஞ்சின் நின்றுபோனால் சறுக்க வேண்டிய நேரத்தில் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கெடுத்துவிடும் என்று திட்டுபவர்கள் உண்டு, அதற்குத்தான் அதை முடக்கவும் வழி வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பிடிக்காதது அந்தப் பச்சை விளக்குதான்.

சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று சொல்ல, சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்கு. இறக்கை நுனியிலும் வாலிலும் எரியும் நேவிகேஷன் லைட்டைப் போட்டால் இவை தானாக மங்கிவிடும். இரவில் கண் கூசாமல் இருக்க நல்ல யோசனைதான், ஆனால் பகல் வெயிலில் அதைப் போட்டிருந்தால் மூன்றுமே செத்தது போலத் தெரியும். விளக்கு வரவில்லையா, முதலில் அந்த சுவிட்சைப் பார் என்று கையேடே சொல்கிறது. அடுத்து பல்பு. எரிகிற பல்பை உருவி எரியாத குழியில் செருகிப் பார்க்கலாம். தரையில் சுலபம், ஒரு கையால் ஓட்டிக்கொண்டே செய்து பாருங்கள் தெரியும்.

போன மாதம் இடது விளக்கு வரவில்லை. நேவிகேஷன் லைட் அணைந்தே இருந்தது, பல்பும் நல்ல பல்பு. சக்கரம் சரியில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிகிறது, பின்னால் பம்ப் நிற்காமல் உறுமுகிறது, ஏனென்றால் மூன்று சக்கரப் பூட்டுகளிலும் உள்ள சுவிட்சுகள் ஒத்துக்கொண்டால்தான் அது நிற்கும். அவசர நெம்புகோலையும் இயக்கி, வாலை இருபுறமும் ஆட்டிப் பார்த்தாயிற்று. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்தபோது "மூன்றும் இறங்கித்தான் இருக்கிறது" என்றார்கள். சரி, பூட்டியிருக்கிறதா என்பதை அங்கிருந்து யாரால் சொல்ல முடியும்? இடது இறக்கையை முடிந்தவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது சக்கரத்தில் இறக்கினேன். இடது கால் மடியவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

ஜாக்கில் ஏற்றிப் பார்த்தால் பூட்டு கச்சிதமாக விழுந்திருந்தது. பூட்டியதை விளக்குக்குச் சொல்லும், விரல் நகம் அளவு மைக்ரோ சுவிட்ச், அதன் நெம்பு முனையில் மணலும் கிரீஸும் சேர்ந்து கருப்புக் களிம்பாக இறுகிப்போய், அழுத்தவே விடவில்லை. முன்பு இதே இடத்தைப் பார்த்த பணிமனைக்காரர் (பெயர் வேண்டாம்) துடைப்பதற்குப் பதிலாக மேலே இன்னும் கொஞ்சம் கிரீஸ் அப்பியிருந்தார். சக்கரக் குழியில் சேறு தெறிக்கும் இடத்தில் சுவிட்சை வைத்தால் யார் பார்த்தாலும் திரும்ப அழுக்கு சேரத்தான் செய்யும் என்பதையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்.

எரிச்சல் எங்கே என்றால், உண்மையிலேயே காலை ஒடிக்கக்கூடிய கோளாறைப் பற்றி இந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது. பிரதான சக்கரங்களின் பக்கத் தாங்கியைப் பிடிக்கும் ஸ்டட்களில் (போல்ட் போன்ற உலோகத் தண்டுகளில்) விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1997இல் ஆணையே போட்டது. விரிசல் விட்ட ஸ்டட்டோடும் மூன்று பச்சையும் ஜம்மென்று எரியும். பழைய மூனி விமானங்களில் கையால் தள்ளிப் பூட்டும் நெம்புகோல் இருக்கும், பூட்டில் விழுந்ததா என்பதைக் கையே சொல்லிவிடும். அந்தக் கம்பியைப் பார்த்தால் இப்போதெல்லாம் பொறாமையாக இருக்கிறது.

ஆக, நண்பருக்கு: வாங்காதீர்கள். மடங்காத சக்கரம் உள்ள பைப்பர் செரோக்கீ விமானம் ஒன்றைப் பாருங்கள், கொஞ்சம் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். என்னுடையதை விற்பேனா என்றால், மாட்டேன். இல்லை, ஆரோதான் வேண்டும் என்று நின்றீர்களானால், ஜாக்கில் ஏற்றிச் சக்கரத்தை மடக்கி இறக்கிக் காட்டாமல் விற்பவரிடம் பேச்சே வேண்டாம். அந்த ஸ்டட்களை எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்று பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.